டார்ட்ஸ் பழகிய நான்கு மாதங்கள்

சிறு அம்புகளைக் கையால் வட்டப் பலகையில் எறியும் ஆட்டம் டார்ட்ஸ். பலகையை என் கண்மட்டத்துக்கு மாட்டியதும், எறிபவர் நிற்கும் கோட்டைக் கண்ணளவாக இரண்டு மீட்டரில் போட்டதும் தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறுகள். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்திலும், கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் தொலைவிலும் இருக்க வேண்டும். சுவரிலிருந்து அளந்தால் பலகையின் கனம் அளவுக்குக் கணக்கு தப்பிவிடும் என்பதால், பலகையின் முகத்தை ஒட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து அளந்தேன். நடுப்புள்ளிக்கும் கோட்டுக்கும் குறுக்காக 2.93 மீட்டர் வந்தபோதுதான் இரண்டு அளவுகளும் சரி என்று உறுதியானது. மூன்று வாரம் குறைந்த தூரத்தில் பழகிய கை, புதிய தூரத்தில் எல்லா அம்புகளையும் கீழே இறக்கியது; அதைத் திருத்த மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.

இரண்டாம் மாதம் முழுவதையும் எறியும் முறைக்கே கொடுத்தேன். வலக்கைக்காரனான நான் வலது காலை முன்வைத்து, உடல் எடையின் பெரும்பகுதியை அதன்மேல் சாய்த்து நிற்கிறேன். அம்பை ஒரு விரலின் மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டறிந்து, அதை ஒட்டிக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் பிடிக்கிறேன். இறுக்கிப் பிடித்தால் விடும் நொடியில் ஏதாவது ஒரு விரல் பின்தங்கி, அம்பைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. தோளும் இடுப்பும் அசையாமல், முழங்கைக்கு மேற்பட்ட கை ஏறத்தாழ நிலைத்திருக்க, முன்கை மட்டும் பின்வாங்கி முன்னே வர வேண்டும். அம்பு விரலை விட்டுப் போன பிறகும் கை இலக்கை நோக்கி முழுவதும் நீள வேண்டும் என்பதை நான் நெடுநாள் அலட்சியம் செய்தேன். கையைப் பாதியில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் அம்பு தாழ்ந்தே விழுந்தது. வேகத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தாகவில்லை.

அக்காலத்தில் மதிப்பெண் எழுதுவதையே நிறுத்திவிட்டு, மூன்று அம்புகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்த சுற்றுகளை மட்டும் எண்ணினேன். முதல் வாரத்தில் முப்பது சுற்றில் நான்கு; இப்போது பதினான்கு. 22 கிராம் எடையுள்ள அம்புகளையே தொடக்கத்திலிருந்து மாற்றாமல் வைத்திருப்பதும் இதற்கு உதவியது என்று நம்புகிறேன்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. மூன்றாம் மாதத்தில் ஓர் அம்பு, எண்களைப் பிரிக்கும் கம்பியில் பட்டுத் திரும்பி, வெறுங்காலுடன் நின்ற என் பெருவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளித் தரையில் குத்தியது. அன்று முதல் மூடிய காலணி இல்லாமல் நான் எறிவதில்லை. முனை மழுங்கியிருந்தால் அம்பு கம்பியில் பட்டுத் திரும்புவது அதிகமாகும் என்பதால், வாரம் ஒருமுறை சாணைக்கல்லில் இலேசாகத் தேய்க்கிறேன்; ஊசியைப் போல் மிகவும் கூராக்கினாலும் முனை வளைந்து, பலகையின் கற்றாழை நாரைக் கிழிக்கும். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பலகையை, யாரும் திடீரென்று நுழைய முடியாத உட்சுவருக்கு மாற்றி, சுற்றிலும் தடித்த நுரை அட்டை பொருத்தினேன். வீட்டுக்கு அக்காவின் பிள்ளைகள் வந்தால் அம்புகள் பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். இருவர் ஆடும்போது, எறிபவர் மூன்றையும் எறிந்து தாமே போய்ப் பிடுங்கித் திரும்பும் வரை மற்றவர் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்குத் திரும்பிய பிறகு, பலகையில் 1 முதல் 20 வரை எண்ணிட்ட பகுதிகளில் 20-ஐக் குறிவைப்பதை விட்டுவிட்டேன். அதன் இருபுறமும் 1, 5 இருப்பதால், சற்றுத் தப்பினாலும் நட்டம் பெரிது. இடப்பக்கத்தில் 16, 8, 11, 14 அடுத்தடுத்து இருக்கின்றன; என் கைத்திறனுக்கு அந்தப் பக்கம் குறிவைப்பதே கூடுதல் எண் தருகிறது. 501-இலிருந்து எண்களைக் கழித்துச் சரியாகப் பூஜ்யத்துக்கு வரும் 501 ஆட்டத்தை, எண்ணை இரட்டிப்பாக்கும் வெளிவிளிம்பின் இரட்டை வளையத்திலோ பலகையின் நடுப்புள்ளியிலோதான் முடிக்க வேண்டும் என்பதால், இந்த மாதம் நாள்தோறும் முப்பது அம்புகளை இரட்டை 16-க்கு ஒதுக்கியிருக்கிறேன். 32 மீதமிருக்கையில் அது தப்பி ஒற்றை 16-இல் விழுந்தால், மீதி 16-க்கு அடுத்து இரட்டை 8, அதுவும் தப்பி ஒற்றை 8 ஆனால் இரட்டை 4 என்று பாதி பாதியாகத் தொடர முடிவது அதைத் தேர்ந்ததற்குக் காரணம். நேற்று முப்பதில் இரண்டு விழுந்தன.