படுத்திருப்பவருக்குக் கூரைதான் சுவர்

மருத்துவமனை அறையை வடிவமைப்பவர் நின்றுகொண்டு யோசிக்கிறார். நோயாளியோ நாள் முழுக்க மல்லாந்து கிடக்கிறார். பின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனையில் (1933) கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ இதைச் சரியாகப் பிடித்தார்: கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை, பார்வையில் படாத விளக்கு, தண்ணீர் விழும் சத்தம் எழாதபடி சாய்வான கைகழுவும் தொட்டி. பக்கத்துக் கட்டில்காரர் தூங்க வேண்டுமே!

சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. இருந்தால் படுக்கையிலிருந்தே மரம் தெரியும். 90 வைத்தால் பெரும்பாலும் வானம்தான். ரோஜர் உல்ரிச்சின் 1984 ஆய்வில், சன்னல் வழியே மரம் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடும் வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

ஓவியத்தைக் கால்மாட்டுச் சுவரில், பளபளக்காத பரப்போடு மாட்டுங்கள். சாதாரணக் கண்ணாடி போட்டால் சன்னல் வெளிச்சம்தான் தெரியும். தலைமாட்டில் மாட்டுவது பார்க்க வருபவருக்கு!