வீட்டிலிருந்தே வெளிநாட்டு எம்பிஏ: புரோஷரில் வராத கணக்கு

புரோஷரில் இருக்கும் பவுண்டை ரூபாயால் பெருக்கிவிட்டு, பெரிய பெயர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தவணையில்தான் முழிக்கிறார்கள். சேர்வதற்கு முன்பே ஒரு தாளில் முழுக் கணக்கையும் போட்டுவிடுவது நல்லது.

வார்விக், இம்பீரியல் போன்ற பிரிட்டிஷ் கல்லூரிகளின் ஆன்லைன் எம்பிஏ 35,000 பவுண்டுக்கு மேல்தான். கணக்குக்கு 40,000 என்று வைத்துக்கொள்வோம். பவுண்டு 115 ரூபாய் என்றால் 46 லட்சம். பாதியை இந்த வருடமும் மீதியை அடுத்த வருடமும் கட்டுகிறீர்கள். இடையில் பவுண்டு 5 ரூபாய் ஏறினால் 20,000 பவுண்டுக்கு ஒரு லட்சம் கூடுதல். இணையத்தில் தெரியும் விலைக்கு எந்த வங்கியும் பவுண்டு தராது. ஒன்றரை ரூபாய் வித்தியாசம் என்றாலே மொத்தத்தில் 60,000 போய்விடும். கிளையில் முதலில் சொல்லும் ரேட்டை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், கையெழுத்துப் போடும் முன் டிரெஷரி ரேட் (வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு தரும் விலை) கேளுங்கள். கேட்டால் குறைப்பார்கள், கேட்காதவர்களுக்குக் குறைப்பதில்லை.

வளாகத்தில் ஒரு வாரம் கட்டாயம் என்று சில கல்லூரிகள் வைத்திருக்கும். விமானம், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஒதுக்குங்கள். கல்விக் கடன் திட்டங்கள் பெரும்பாலும் நேரில் போய்ப் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆன்லைன் என்றதும் தனிநபர் கடன் பக்கம் தள்ளிவிடுவார்கள். 10 லட்சத்தை 12 விழுக்காட்டில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் வட்டி மட்டும் ஏறக்குறைய 1.95 லட்சம். ஆக 46 என்று ஆரம்பித்தது 52 லட்சத்தில் வந்து நிற்கிறது.

பணம் அனுப்பும் இடத்தில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவத்தில், பணம் எதற்கு என்று காட்டும் நோக்கக் குறியீடு கேட்பார்கள். வெளிநாடு போய்ப் படிப்பவர்களுக்கு எஸ்0305, வீட்டிலிருந்து தொலைநிலையில் படிப்பவர்களுக்கு எஸ்1107. அவசரத்தில் கவுன்டரில் வேறு ஏதாவது குறியீட்டைப் போட்டுவிட்டால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி) கணக்கே மாறிவிடும். 2025-26 நிதியாண்டில் இருந்த விதிப்படி, ஆண்டுக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் கல்வி என்றால் 5 விழுக்காடு, மற்ற பலவற்றுக்கு 20. அந்த ஆண்டில் 46 லட்சத்தையும் அனுப்பியிருந்தால், 36 லட்சத்துக்குப் பிடிப்பது 1.8 லட்சமா 7.2 லட்சமா என்பதை அந்த ஒரு குறியீடு முடிவு செய்திருக்கும். இது வருமான வரியில் கழிந்துவிடும் தொகைதான், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். சம்பளக்காரர்கள் இதற்கான படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால் மாதாமாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே கழித்துக்கொள்வார்கள். ஒரு தவணையை மார்ச்சிலும் அடுத்ததை ஏப்ரலிலும் கட்ட முடிந்தால் 10 லட்ச வரம்பு இரண்டு முறை கிடைக்கும். விழுக்காடு பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், கட்டும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழுக்கல் சின்னது, ஆனால் எரிச்சல் தரும். வெளிநாட்டு வங்கிக் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டத்தில் 'அனுப்புநர்' என்று குறிக்கவில்லை என்றால், நடுவில் உள்ள வங்கி சில பவுண்டுகளை எடுத்துக்கொள்ளும். கல்லூரிக் கணக்கில் பாக்கி என்று காட்டும். அந்தப் பாக்கிக்காக பாடத் தளத்தைப் பூட்டிவிடுகிற கல்லூரிகளும் உண்டு.

நேரத்தையும் செலவாக எழுதுங்கள். பிரிட்டிஷ் முதுகலைப் பட்டம் 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். 1,800 மணியை இரண்டு வருடத்தின் 104 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 17 மணிக்கு மேல். சனி ஞாயிறு மட்டும் போதாது. லண்டனில் மாலை 6 மணி வகுப்பு நமக்குக் கோடையில் இரவு பத்தரை; அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு பதினொன்றரை. குழு அசைன்மென்ட் வரும் வாரங்களில் மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்லைன் எம்பிஏவான ஐஎம்பிஏ என்றால் தலைகீழ்: அங்கே மாலை 7 என்பது கோடையில் இங்கே விடியற்காலை ஐந்தரை. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில் எது தோதுப்படும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும்.

இந்த ஐஎம்பிஏ 2016இல் கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளம் வழியாக சுமார் 22,000 டாலருக்கு வந்தது. இப்போது 25,000 சொச்சம். 72 கிரெடிட், பாடம் எடுக்க எடுக்கக் கட்டலாம். நடுவில் வேலை போனாலும் மொத்தமாக மாட்டிக்கொள்ளாத ஏற்பாடு இது. டாலர் 90 ரூபாய் என்று வைத்து, மற்ற செலவுகளும் சேர்த்தால் 24 லட்சம்.

இனி வரவு. பட்டத்தால் ஆண்டுக்கு 5 லட்சம் சம்பளம் கூடுகிறது என்று வைப்போம். 30 விழுக்காடு வரியும் செஸ்ஸும் போனால் கையில் 3.44 லட்சம். 52 லட்சத்தை எடுக்க 15 வருடம். 24 லட்சத்துக்கு ஏழு. உள்நாட்டுத் தொலைநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்பிஏ செமஸ்டருக்கு 15,500 என்று வைத்தால், நான்கு செமஸ்டருக்கு மொத்தம் 62,000. வருடத்துக்கு 50,000 ரூபாய் உயர்வு வந்தாலே இரண்டு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பதவி உயர்வுக்கு 'எம்பிஏ' என்ற கட்டத்தை டிக் செய்வதுதான் தேவை என்றால், பெரிய பெயருக்குப் பணம் கொடுப்பது வீண் என்பதே எங்கள் கருத்து.

பெரிய பெயர் எங்கே வேலை செய்யும்? பன்னாட்டு நிறுவனத்தில் ஏற்கெனவே மேலாளராக இருந்து, துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ மாறப் பார்ப்பவருக்கு. கட்டணத்தில் பாதியை நிறுவனமே ஏற்றால் இன்னும் நல்லது. பாண்ட் (வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். எங்கே செய்யாது? தொலைநிலையில் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்கு, இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைச் சான்று பொதுவாகக் கிடைப்பதில்லை. அரசு வேலை, பிஎச்டி கனவு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். படிப்பு முடிந்ததும் அங்கே தங்கி வேலை பார்க்க உதவும் பிரிட்டனின் கிராஜுவேட் விசாவும் கிடைக்காது, அது அங்கே போய்ப் படித்தவர்களுக்கு. கேம்பஸ் பிளேஸ்மென்ட்டும் கிடையாது. கேரியர் சர்வீஸ் என்பது பல இடங்களில் ரெஸ்யூமே திருத்துவதோடு நிற்கும்.

உள்நாட்டில் ஐஐஎம் பெயரில் வரும் விளம்பரங்களில் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்: பட்டமா, சான்றிதழா. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஐஐஎம்களால் பட்டம் தர முடியும். ஆனால் போனில் துரத்தித் துரத்தி விற்கப்படும் பலவும் சான்றிதழ்கள்தான்.

டெபாசிட் கட்டும் முன் உதவித்தொகை கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கட்டிய பிறகு பேரம் பேச இடமில்லை. அதே மின்னஞ்சலில், பாதியில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்றும் கேளுங்கள். பிரிட்டிஷ் முறையில் 60 கிரெடிட்டில் முதுகலைச் சான்றிதழும் 120 கிரெடிட்டில் முதுகலை டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு வெளியேற வழி உண்டு. 110இல் தளர்ந்துபோகிறவர்கள் இன்னும் ஒரு பாடத்தை மட்டும் இழுத்துப்பிடித்து முடித்துவிட்டால், வெறுங்கையோடு வராமல் டிப்ளமோவோடு வரலாம்.