14 இடம், 7 விநாடி

"பாட்டிக்க மயிரையுமா அண்ணே?" என்று இயக்குநர் போனில் கேட்டார். "எல்லாத்தையும் சேத்துத்தான் தம்பி. கூட்டிப் பாத்தா மொத்தமே 7 விநாடி" என்று என்னிடமிருந்து பதில் போனது. தணிக்கைக்காக, படத்தில் 'மயிர்' என்ற சொல் வரும் 14 இடத்திலும் அதை எடுப்பது பற்றிய பேச்சு. கணக்கில் பிழை இல்லை. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க ஏறக்குறைய 12 ஃபிரேம்; 14 இடத்துக்கு 7 விநாடி. ஆனால் அவர் கேட்டது கணக்கு அல்ல.

சிரிப்பும் சாவு வீடும் கலந்த சின்னப் படம். சொல்லை அப்படியே விட்டால் 'ஏ' சான்றிதழ், 14 இடத்திலும் எடுத்தால் 'யுஏ 16+' என்ற நிலை. இரண்டும் வேண்டாமென்றால், படத்தை மறுபடி பார்த்து முடிவு சொல்லும் ரிவைசிங் கமிட்டிக்குப் போகலாம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்த வயது எண் பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே. பத்து வயதுப் பிள்ளையை அம்மா கூட்டி வந்தால் தியேட்டர்காரர் தடுக்க வேண்டியதில்லை. 'ஏ' அப்படியல்ல, 18 நிறையாதவர் உள்ளே வரக்கூடாது. டிவிக்கு விற்பதற்கும் அந்தச் சான்றிதழோடு போக முடியாது. வெட்டித் திருத்தித் தனியாக இன்னொரு சான்றிதழ் வாங்க வேண்டும். படத்தில் நடித்த மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். தாங்கள் நடித்த படத்தை அவர்களே பார்க்க முடியாமல் போகும் என்பதுதான் அன்றைக்கு முன்வைத்த வாதம். இன்றைக்கும் அது வலுவான வாதமாகத்தான் படுகிறது.

ஆனால் 14-ம் ஒன்றல்ல. 4 இடம் உண்மையான வசவு. 7 இடத்தில் "என்ன மயிருக்கு" என்ற சலிப்பு. மீதி 3 இடம் வெறும் தலைமுடி. பேத்தி பின்னால் உட்கார்ந்து சீவிவிட, சீப்பில் சுருண்டு வந்ததைப் பார்த்துப் பாட்டி, "மயிரெல்லாம் கொழிஞ்சு போச்சு மக்கா" என்கிறார். குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கிழவிகள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

இந்த வேறுபாடு படம் பார்த்த தணிக்கைக் குழுவினருக்கு ஏன் எட்டவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது எளிது. விண்ணப்பத்தோடு கொடுத்த வசனப் பிரதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். அந்தச் சொல் வரும் வரிகள் எல்லாவற்றிலும் அடைப்புக்குறிக்குள் 'திட்டுகிறாள்' என்று எங்கள் தட்டச்சே சொல்கிறது. சொல்லைத் தேடிப் பிடித்து ஒரே குறிப்பை எல்லா இடத்திலும் ஒட்டிய வேலை. சீப்பு காட்சியிலும் 'திட்டுகிறாள்'. வட்டார வழக்குப் படம் என்றால், வரிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, இந்த ஊரில் இதற்கு என்ன பொருள், யாரிடம், எந்தத் தொனியில் என்று எழுதித் தர வேண்டும். நான்கு பக்கம் கூட வராது. அவசரத்தில் எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள் என்பதும் உண்மைதான்.

ரிவைசிங் கமிட்டிக்குப் போயிருக்கலாமா என்றால், போயிருக்கலாம். வாதமும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கடலுக்குள் 133 அடி உயரத்தில் நிற்கிறவர் 964-ஆம் குறளில் 'தலையின் இழிந்த மயிரனையர்' என்கிறார். 969-இல் 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா'. பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிற குறள்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் கமிட்டி கூடி மறுபடி பார்க்க வாரக்கணக்கில் ஆகலாம். அங்கும் முடியாவிட்டால், முன்பு போல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இல்லை. 2021-இல் அது கலைக்கப்பட்டுவிட்டது, இனி உயர் நீதிமன்றம்தான். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பேசி வைத்த வெள்ளிக்கிழமை கைவிட்டுப் போனால், சின்னப் படத்துக்கு இன்னொரு வெள்ளி எளிதில் கிடைக்காது. அந்த வெள்ளிக்காக 3 இடத்தையும் சேர்த்து விட்டுக்கொடுத்தது சரிதானா? அந்த மூன்றுக்காக மட்டுமாவது எழுதிக் கேட்டிருந்தால்?

மியூட் செய்வதும் சொல்வது போல லேசல்ல. உதடு மூடும்போதே 'ம்' ஒலி தொடங்கிவிடும். உதடு திறக்கும் ஃபிரேமில் மியூட்டை ஆரம்பித்தால் 'ம்' தங்கி, மீதியை அரங்கமே நிரப்பிக்கொள்ளும். இரண்டு ஃபிரேம் முன்னால் போனால் 'என்ன'வின் வால் அறுபடும். இது லைவ் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிந்து எடுத்த படம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடிக்கிற மழையும் வசனமும் ஒரே டிராக்கில். வசனம் வரும் சென்டர் சேனலை அணைத்தால் மழையும் அரை விநாடி நின்றுபோகும். அதே ஷாட்டில் யாரும் பேசாத மழையைத் தேடி, 12 ஃபிரேம் வெட்டி, இரு முனையிலும் 2 ஃபிரேம் ஃபேடு கொடுத்து நிரப்ப வேண்டும். வசவு நான்குக்கும் அப்படிச் செய்தோம். சலிப்பு ஏழுக்கும் 'என்ன மண்ணுக்கு' என்று டப்பிங். அதுவும் உதடு மூடித் திறக்கிற சொல், பொருந்தியது. சப்டைட்டிலையும் மாற்றி, அந்தந்த ரீலின் ஆடியோவைப் புதிதாகப் போட்டு, தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதியான டிசிபியைச் செய்தாக வேண்டும். சான்றிதழ் பெற்ற பிரதியும் திரையில் ஓடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று இடத்துக்கு 'முடி' என்று யோசனை சொன்னபோது இயக்குநர் ஒன்றும் பேசவில்லை. பாட்டியாக நடித்தவர் நடிகை அல்ல, பக்கத்து ஊர்க்காரர். மைக் முன்னால் உட்கார வைத்து வரியைச் சொல்லிக் கொடுத்ததும், "முடின்னாலும் மயிருதானே மக்கா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றதும் மறுப்பில்லாமல் பேசினார், ஐந்து டேக்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் அம்மாக்களோடு வந்து பார்த்தார்கள். சீப்பு காட்சியில் உதடு ஒரு ஃபிரேம் கூடப் பிசகவில்லை. குரலில்தான், மற்ற வரியெல்லாம் பேசிக்கொண்டு வருகிறவர் 'முடி'யை மட்டும் பாடப் புத்தகம் படிப்பது போல நிறுத்திச் சொல்கிறார். ஐந்து டேக்கிலும் அப்படித்தான்.