கலந்துகட்டி வாசித்ததில் இதுவரை

கொஞ்ச காலமாகத் திட்டம் எதுவும் போடாமல் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாசித்து வருகிறேன். ஒரு புத்தகம் முடிந்தால் அடுத்தது அதே வகையாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. துப்பறியும் கதைக்குப் பிறகு தன்வரலாறு, அப்புறம் ஒரு மொழிபெயர்ப்பு, அப்புறம் வரலாறு என்று மாறி மாறிப் போகிறது. முடித்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைக்கிறேன், கதைச் சுருக்கம் எல்லாம் இல்லை, எந்த இடத்தில் நின்று திரும்பப் படித்தேன், எந்த இடத்தில் பக்கங்களைத் தள்ளினேன், அவ்வளவுதான். அந்த நோட்டை மொத்தமாகப் புரட்டிப் பார்த்தபோது என் ரசனை எனக்கே தெளிவாகிவிட்டது. ஒருவர் தன் வேலையைச் செய்வதைப் பொறுமையாகக் காட்டுகிற புத்தகங்கள்தான் என்னிடம் ஒட்டுகின்றன. காதலும் மரணமும் தத்துவமும் அந்த வேலையின் ஊடாக வந்தால் அப்படியே உள்ளே போகிறது, தனியாக வந்து பேச ஆரம்பித்தால் கவனம் நழுவுகிறது.

'கடலும் கிழவனும்' இதற்கு நல்ல உதாரணம். 1952-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய அளவுதான். 84 நாட்களாக மீனே கிடைக்காத சாந்தியாகோ மறுநாளும் கடலுக்குப் போகிறார். மனித மன உறுதி, தோல்வி, வெற்றி என்று இதைப் பற்றி நிறையச் சொல்வார்கள், எல்லாம் சரிதான், ஆனால் என் நோட்டில் இருப்பது அவர் தூண்டில் போடும் பக்கம். ஒவ்வொரு கயிற்றையும் ஒவ்வொரு ஆழத்தில் இறக்குகிறார், மற்றவர்கள் நீரோட்டத்தோடு கயிறு போகட்டும் என்று விட்டுவிடும்போது இவர் மட்டும் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார், இரை எங்கே தொங்குகிறது என்று தனக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தக் கவனத்தைப் பார்த்த பிறகு, 18 அடி மீன் மாட்டுவதும் கை மரத்துப்போவதும் சுறாக்கள் வருவதும் எனக்கு நடப்பது போலவே இருந்தது. அந்தத் தூண்டில் பக்கங்கள் இல்லாவிட்டால் இந்தக் கதைக்கு இந்தக் கனம் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து, தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதனம்', த. நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தது. வங்க மூலத்துக்கு 1956-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஜீவன் மஷாய் என்ற முதிய வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தே ஒருவருக்கு மரணம் நெருங்கிவிட்டதா என்று சொல்லக்கூடியவர். ஆங்கில மருத்துவம் படித்து வந்த இளம் டாக்டருக்கு அது பொறுக்கவில்லை, நோயாளியிடம் சாவைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று கோபப்படுகிறார். நாவல் இருவரில் ஒருவரை மூடராக்கி முடித்துவிடவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊசியும் மருந்தும் காப்பாற்றுகிற உயிர்களும் வருகின்றன, நாடி சொன்னது பலிக்கிற வீடுகளும் வருகின்றன. பெற்ற மகனின் நாடியைப் பார்த்தபோதும் அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, மனைவி அதற்காக வாழ்நாள் முழுவதும் அவரை மன்னிக்கவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் தொடர முடிந்தது. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, முன்கதைக்குள் முன்கதையாகப் போகிறது, இருந்தாலும் இதுவரை வாசித்ததில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

இரண்டாமிடம் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பெரிய புத்தகம், 122 அத்தியாயம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942-இல் அவர் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, மொழியும் எளிது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த காலம்தான் பலருக்கும் பிடித்த பகுதி. நான் திரும்பத் திரும்பப் போவது 1880-இல் நடந்த, நீதிபதி சேலம் இராமசுவாமி முதலியாருடனான சந்திப்புக்கு. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான சாமிநாதையர், தான் படித்த அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பெருமையோடு அடுக்குகிறார், எதிரில் இருப்பவர் அசையவே இல்லை, இவற்றால் என்ன பயன் என்பது போலக் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். கிடைத்தால் படிப்பேன் என்ற உறுதியோடு இவர் கிளம்புகிற இடத்திலிருந்து புத்தகத்தின் வேகமே மாறிவிடுகிறது. பிரதிகளை ஒப்பிடுவது, புரியாத சமண மத விஷயங்களுக்கு ஜைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்பது, அங்கே போனால் சிந்தாமணி வாசித்து முடித்ததையே அவர்கள் விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருப்பது, இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிந்தாமணி 1887-இல் அவர் பதிப்பாக அச்சில் வந்தது. நடுவில் போன அந்த ஏழு வருட உழைப்பை இப்படிக் கூட இருந்து பார்க்கக் கிடைப்பது பெரிய பாக்கியம். கல்வி நிறுவனங்களில் இதைப் பாடமாகத் துண்டு துண்டாக வாசித்தவர்கள் ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, ஒட்டாதவையும் உண்டு. 'வெண்ணிற இரவுகள்' பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது. தஸ்தயேவ்ஸ்கி 1848-இல் எழுதியது, ரா. கிருஷ்ணய்யா மொழிபெயர்ப்பு அழகாகத்தான் இருக்கிறது. கனவுலகவாசியான அந்த இளைஞன் பக்கம் பக்கமாகத் தன்னைப் பற்றியே பேசும்போது நான் விலகிவிட்டேன். மாறாக, கண் தெரியாத பாட்டி பேத்தியின் உடையைத் தன் உடையோடு ஊசியால் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறாள் என்று அவன் காதலிக்கும் நாஸ்தென்கா தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிற ஒரு விவரம் போதும், அவள் எனக்கு உயிரோடு எழுந்து வந்துவிட்டாள். அவன் பேச்சில் அப்படி ஒரு ஊசி கிடைக்கவில்லை.

யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்' பாதி வரை பிரமிப்பு. நாம் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் நம்மைப் பழக்கியது என்கிற வாதம் ரொம்ப நாள் தலைக்குள் சுற்றியது. போகப் போக ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் ஒரு பளிச்சென்ற வாக்கியம் விடையாக வந்து விழ, நம்புவதற்கு முன் ஆதாரத்தைக் கொஞ்சம் அருகில் காட்டலாமே என்று தோன்றியது. ஆயிரம் வருடத்தை ஒரு பத்தியில் தாண்டும்போது அங்கே வாழ்ந்த ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படுவதில்லை. ஒருமுறை வாசிக்கலாம், மறுவாசிப்புக்கு வைக்க மாட்டேன். ஒரு சுயமுன்னேற்ற நூலும் எடுத்தேன், முதல் அத்தியாயத்தில் சொன்னதையே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்ததால் பாதியில் வைத்துவிட்டேன்.

அகதா கிறிஸ்டியில் ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையை (1926) முடிவு தெரிந்த பிறகு இரண்டாவது முறை வாசித்தது நல்ல அனுபவம். துப்பறியும் கதையை இன்னொரு முறை எதற்கு வாசிக்க வேண்டும் என்பவர்கள் இதில் செய்து பார்க்கலாம். எதுவும் ஒளிக்கப்படவில்லை, எல்லாம் கண்ணெதிரே வாக்கியங்களுக்குள்ளேயே கிடக்கிறது. முதல் வாசிப்பில் பாத்திரங்களைப் பார்த்தேன், இரண்டாவதில் அந்த அம்மாவின் கைவேலையைப் பார்த்தேன்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும். செகந்திராபாத்தில் ஒரு பையன், சந்திரசேகரன், கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான், கல்லூரிக்குப் போகிறான். ஹைதராபாத் நிஜாம் அரசும் அதன் பக்கம் நின்ற ரஜாக்கர் படையினரும் 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவதும் இந்த அன்றாடத்தின் ஓரத்தில் செய்தியாக வந்து, மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்கின்றன. குரலை உயர்த்தாமலே கடைசிப் பக்கத்தில் அவர் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் என்னைக் கலங்கடித்துவிட்டது. அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன்.

களைப்பான நாட்களுக்கு 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால் எந்த அத்தியாயமும் நம்மை நிம்மதியாகத் தூங்க விடாது. குந்தவை, நந்தினியை விட எனக்குப் பிடித்தது படகு செலுத்தும் பூங்குழலி. ஏன் என்று மேலே சொன்னதிலேயே இருக்கிறது.

இப்போது கையில் இருப்பது தகழியின் 'செம்மீன்', சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு. கருத்தம்மா – பரீக்குட்டி காதல்தான் இந்த நாவலின் அடையாளம், ஆனால் நான் கருத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறேன். சொந்தமாகத் தோணியும் வலையும் வேண்டும் என்று ராப்பகலாக அலைகிற மனிதர், அதற்காகப் பரீக்குட்டியிடமே பணம் வாங்கிவிட்டார். தோணி வந்துவிட்டது, கடலுக்கும் போய்விட்டது. பரீக்குட்டியின் கடனைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.