உரியாவிடம் யார் மன்னிப்புக் கேட்பது?

கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கில், பாவம் செய்தவர் பங்குக்கு மூன்று காரியங்கள் என்று 1551-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வகுத்தது: மனம் வருந்துவது, குருவிடம் அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது அதற்கும் முந்தைய, 1215-ஆம் ஆண்டு விதி.

கடவுள் நம்பிக்கை இல்லாத நான் இதை இளக்காரமாகப் பார்க்கவில்லை. செய்த தப்பை இன்னொரு மனிதர் முன்னால் வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமில்லை. எனக்கு இடிக்கும் இடம் வேறு. பாதிக்கப்பட்டவர் அங்கே இல்லை! தாவீது அரசன் பாடியதாகச் சொல்லப்படும், பைபிளின் 51-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். தான் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட பத்சேபாளின் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகடித்தவன், உமக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்று கடவுளிடம் அழுகிறான். செத்தவன் கணக்கிலேயே வரவில்லை.

திருச்சபை இதை அறியாமல் இல்லை. திருடியதைத் திருப்பிக் கொடு, அவதூறு பேசிக் கெடுத்த பெயரைச் சரிசெய் என்று அதன் மறைக்கல்வி நூலே (எண் 1459) சொல்கிறது. ஆனால் பரிகாரம் சில செபங்களோடு முடிந்துவிட்டால் மனபாரம் இறங்கிவிடும், நஷ்டப்பட்டவருக்கு ஒன்றும் வந்து சேராது.

அதனால்தான் பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவை எனக்குப் பிடிக்கும் (லூக்கா 19:8). ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு.