பத்துப் பேர் கணக்கு

ஏப்ரல் 3, 2024, புதன், கார்டிஃப்

கதீட்ரல் ரோடு வழியாகத்தான் தினமும் அலுவலகம் போகிறேன். இன்று மழை பிடித்துக்கொண்டதால் ஒரு கட்டடத்தின் வாசலில் ஒதுங்கினேன். ஆறு வருஷமாகப் பார்க்கிற கட்டடம்தான். முன்னால் கல்லும் கோபுரமுமாகக் கம்பீரமாக இருக்கும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் வெறும் ஆபீஸ். முகம் ஒருவருக்கு, உடம்பு இன்னொருவருக்கு.

இது யூதர்களின் ஜெப ஆலயம். டெலிசா ஜோசப் என்ற லண்டன் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்து 1897-இல் திறந்தது. 1989-இல் மூடினார்கள். முகப்பை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டு அலுவலகம் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடினேன். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி, கார்டிஃபைத் தலைநகராகக் கொண்ட வேல்ஸ் முழுக்க யூதர்கள் 2,044 பேர். முதல் உலகப்போர் சமயத்தில் ஏறத்தாழ 5,000 பேர் இருந்திருக்கிறார்கள். கார்டிஃப், ஸ்வான்சீ போன்ற துறைமுக ஊர்களில் இருந்தது ஆச்சரியமில்லை. ஆனால் மலைப் பள்ளத்தாக்குகளில் நிலக்கரி, இரும்பு ஊர்களில், மெர்த்திரிலும் ட்ரெடீகரிலும் அபர்டேரிலும் இவர்களுக்கு என்ன வேலை? ஞாயிறுதோறும் ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்ப்பதாக முடிவு. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், எனக்குத் துணி துவைக்கும் நாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு, மெர்த்திர் டிட்ஃபில்

கார்டிஃபிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். வழியில் ட்ரீஃபாரஸ்ட் எஸ்டேட் என்று ஒரு நிலையம். 1930-களில் சுரங்க வேலை படுத்துவிட்டபோது அரசாங்கம் இங்கே ஒரு தொழிற்பேட்டை அமைத்தது. ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள் பலர் அதில் தொழிற்சாலை போட்டார்கள். ஜிப் செய்கிற ஏரோ ஜிப் அதில் ஒன்று. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் வந்து, வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். ரயில் அங்கே நின்றபோது யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவுமில்லை.

மெர்த்திர் ஒரு காலத்தில் வேல்ஸிலேயே பெரிய ஊர். டவ்லைஸ், கவர்த்வா, பென்னிடாரன், ப்ளிமத் என்று நாலு பெரிய இரும்பு ஆலைகள். வேலைக்கு ஐரிஷ்காரர்கள் வந்தார்கள், ஸ்பானியர்கள்கூட வந்தார்கள். யூதர்கள் உலைக்கு வரவில்லை, உலையில் வேலை செய்தவர்களிடம் விற்க வந்தார்கள். முதலில் முதுகில் மூட்டை: துணி, ஊசி, நூல், கடிகாரம். மூட்டை தூக்கிக் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடை. தையல், கடிகார ரிப்பேர், கண்ணாடி போடுவது, மேஜை நாற்காலி, அடகு. முதலில் வந்தவர்கள் ஜெர்மன், போலந்து பக்கத்துக்காரர்கள். 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் அடி விழ ஆரம்பித்ததும் கூட்டம் அதிகமானது.

நிலையத்திலிருந்து மேலே ஏறினால் சர்ச் தெரு. செங்குத்து. மூச்சு வாங்க நிமிர்ந்தால் தெருவின் உச்சியில் ஒரு குட்டிக் கோட்டை நிற்கிறது. கரடுமுரடான கல், இரண்டு பக்கமும் சிறு கோபுரங்கள், கூர்முனை வளைவு ஜன்னல்கள். அதுதான் 1877-இல் திறந்த ஜெப ஆலயம். வேல்ஸில் ஜெப ஆலயமாகவே கட்டப்பட்டு இன்னும் நிற்பவற்றில் இதுதான் பழையது.

முகப்பின் உச்சியைப் பாருங்கள் என்று படித்திருந்ததால் பார்த்தேன். அங்கே ஒரு டிராகன். வேல்ஸ் கொடியில் இருக்குமே, அதே மிருகம், இங்கே கல் நிறத்தில் சிறகை மடித்து உட்கார்ந்திருக்கிறது. வழிபடும் இடத்தில் உருவமே கூடாது என்று கறாராக இருக்கிற மதம், தலைக்கு மேலே உள்ளூர்க்காரரின் சின்னத்தைத் தூக்கி வைத்திருக்கிறது. 'நாங்களும் இந்த ஊர்தான்' என்று சொல்ல இதைவிட உரக்க ஒரு வழி இருக்கிறதா தெரியவில்லை. ஒரு கடல்காகம் வந்து அதன் தலையில் உட்கார்ந்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போக முடியாது. ஜன்னல்களில் பலகை அடித்திருக்கிறது. 1983-இல் விற்றுவிட்டார்கள். அப்புறம் ஒரு கிறிஸ்தவ மையம், அதற்குப் பிறகு உடற்பயிற்சிக் கூடம், 2006 முதல் சும்மா. 2019-இல் யூத மரபுச் சின்னங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளை வாங்கியது. வேல்ஸ் யூதர்களின் வரலாற்று மையமாக மாற்றப்போகிறார்களாம். ஜிம்மாக இருந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஜெபித்த இடத்தில் தண்டால்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மின்யான் பற்றி எழுதியாக வேண்டும். யூதர்களின் கூட்டு ஜெபத்துக்கு, பழைய முறைப்படி, பதிமூன்று வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர்தான் மின்யான். ஒன்பது பேர் இருந்தால் தனித்தனியாக ஜெபிக்கலாம். ஆனால் வேதமான தோரா சுருளைத் திறந்து வாசிக்க முடியாது, செத்துப்போன அப்பாவுக்காகச் சொல்லும் காதிஷ் ஜெபத்தையும் சொல்ல முடியாது. மெர்த்திரில் உச்சத்தில் இருந்தவர்கள் குழந்தை குட்டிகளோடு சேர்த்தே நானூறு பேர் சுமார். சின்ன ஊர்களில் இருபது முப்பது குடும்பம் இருந்தாலே பெரிது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வியாபாரத்துக்கு வெளியூர் என்றால் கணக்கு உதைக்கும்.

ஆளே இல்லாதபோது பணம் எங்கிருந்து வரும்? சின்ன ஊர்ச் சபையில் ஒரே ஆள்தான் ஜெபம் நடத்துவார், அவரே முறைப்படி கோழி அறுப்பார், சாயங்காலம் அவரே பையன்களுக்கு எபிரேய எழுத்து சொல்லிக் கொடுப்பார். சம்பளம் ஒன்று. பாவம் மனிதர்.

ஏப்ரல் 14, ஞாயிறு, ட்ரெடீகர்

நண்பரின் கார். ஊர் நடுவில் 1858-இல் நிறுத்திய வார்ப்பிரும்பு மணிக்கூண்டு. பிரிட்டனுக்கு இலவச மருத்துவம் கொடுத்த அனைரின் பெவன் பிறந்த ஊர் இது. 1911 ஆகஸ்டில் அவருக்கு வயது 13. அந்த மாதத்தில் இந்தத் தெருக்களில் நடந்ததற்காகத்தான் வந்தேன்.

வேல்ஸ்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை ஒன்று உண்டு: நாங்கள் பழைய ஏற்பாட்டில் ஊறியவர்கள், யூதர்கள் மேல் எங்களுக்குத் தனிப் பாசம். பொய்யில்லை. இங்கே திரும்பிய பக்கமெல்லாம் சேப்பல் என்கிற சிறு கிறிஸ்தவ ஆலயம்: பெத்தேல், எபெனேசர், சாலேம், எபிரோன். பெயர்ப்பலகையை மட்டும் படித்தால் திருநெல்வேலியில் இருக்கிறோமோ என்று தோன்றும்.

ஆனால் 1911 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை இரவு, மதுக்கடைகள் மூடிய பிறகு ஒரு கூட்டம் இங்கே யூதர்களின் கடைகளை உடைக்க ஆரம்பித்தது. கண்ணாடி நொறுங்க, சரக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் சிலர் வேல்ஸ் மொழிப் பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டே உடைத்ததாக அப்போதைய செய்திகள் சொல்கின்றன. எப்வேல், ரிம்னி, பார்கோட் என்று ஒரு வாரத்துக்குக் கலவரம் ஊர் ஊராகத் தாவியது. உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் ராணுவத்தை அனுப்பினார். உயிர்ச் சேதம் இல்லை. குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறின. அடைக்கலம் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்திருக்கிறார்கள்.

ஏன்? ரயில்வே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். அதே 19-ஆம் தேதி லனெல்லியில் ராணுவம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கடைக் கடனும் வீட்டு வாடகையும் கழுத்தை நெரித்தன. வாடகை ஏறுவதற்கு யூத வீட்டுக்காரர்கள்தான் காரணம் என்ற பேச்சு இருந்தது. கூலி வேலைக்காரன் தெருவில் தினமும் பார்ப்பது சுரங்க முதலாளியை அல்ல, கடன் நோட்டு வைத்திருக்கிற கடைக்காரரை. யூதர் அல்லாதவர்களின் கடைகளும் சில அடி வாங்கின என்பதால், இது யூத வெறுப்பா வெறும் வயிற்றெரிச்சலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. கடன் எல்லாக் கடையிலும்தான் இருந்தது. முதல் கல் எந்தக் கடைக்கு என்பது தற்செயல் இல்லை.

நண்பர் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். பள்ளியில் பெவன் பற்றி மட்டும் ஒரு வருஷம் படித்தாராம். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. திரும்பும்போது ரொம்ப நேரம் பேசவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று இரவு யூதர்களின் பஸ்கா பண்டிகை ஆரம்பம். கலவரம்தான் இவர்களைத் துரத்தியிருக்கும் என்று முன்தீர்மானத்தோடு போனவன் நான். அது தப்பு. 1911-க்குப் பிறகும் பெரும்பாலானோர் இங்கேயே இருந்தார்கள், கடையைத் திரும்பத் திறந்தார்கள். பிரின்மவுரில் 1919 வாக்கில் புதிதாகக் கல்லறைத் தோட்டமே அமைத்தார்கள். ஓடப்போகிறவர்கள் யாரும் கல்லறைக்கு இடம் வாங்க மாட்டார்கள்.

அசல் காரணம் அலுப்பூட்டுகிற காரணம். இரும்பும் நிலக்கரியும் படுத்தன, வாங்குகிறவன் கையில் காசில்லை, கடை படுத்தது. அப்பா மூட்டை தூக்கியது மகன் தூக்கக் கூடாது என்பதற்காக. மகன் டாக்டரும் வக்கீலும் ஆகிக் கார்டிஃபுக்கோ லண்டனுக்கோ போனான். லனெல்லித் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகன், மைக்கேல் ஹவர்ட், 2003-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே தலைவரானார். அவர் வளர்ந்த ஊரின் ஜெப ஆலயத்தை 1980-களில் மூடிவிட்டார்கள். அபர்டேர், பிரின்மவுர், பான்டிப்ரித், மெர்த்திர் எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளைகள் படித்து முன்னேறியதால் பத்துப் பேர் தேறவில்லை.

மே 12, ஞாயிறு, கெவன் கோய்ட்

மெர்த்திருக்கு வடக்கே, மலை ஏறும் வழியில் யூதக் கல்லறைத் தோட்டம். 1860-களிலிருந்து இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் போனது என் தப்பு. பூட்டு. சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தேன். கற்கள் சரிவில் வரிசையாக நிற்கின்றன. ஒரு கல்லில் விரல்கள் பிரிந்த இரண்டு கைகள்: ஆசாரியர் வம்சம். இன்னொன்றில் கூஜா: ஆசாரியரின் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் லேவியர். அவர்கள் ஆண்டுக் கணக்கில் 1911 ஆகஸ்ட் என்பது 5671-ஆம் ஆண்டு. கற்களுக்குப் பின்னால் ஆடு மேய்கிற மலை.

நாயோடு வந்த பெரியவர் ஒருவர் நின்றார். எண்பதைத் தாண்டியவர். சொந்தக்காரங்களைத் தேடுகிறாயா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தும் கேட்டார் என்பது பிடித்திருந்தது. இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

சிறுவயதில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு யூதக் குடும்பம். சனிக்கிழமை காலை போய் அடுப்பு பற்ற வைத்துக் கொடுப்பது அவர் வேலை. ஓய்வுநாளில் அவர்கள் நெருப்பு மூட்டக் கூடாது. தீக்குச்சி கிழித்து, கரி பிடித்துக்கொள்ளும்வரை முழங்காலிட்டு ஊத வேண்டும். கூலி ஒரு காசு. ஆனால் அன்று அவர்கள் காசைத் தொட மாட்டார்கள், அதனால் ஒரு துண்டு கேக் மட்டும் கிடைக்கும். மறுநாள் வந்து வாங்கிக்கொள் என்பாராம் அந்த அம்மா.

"மறுநாள் ஞாயிற்றுக்கிழமை," என்று சிரித்தார் பெரியவர். "எங்கம்மா சேப்பல்காரி. ஞாயித்துக்கிழமை காசு கையில வாங்கினா தோலை உரிச்சிருவா."

அதனால் காசு ஞாயிறு முழுக்க அவர்கள் கணப்படுப்பின் மேல் இருக்கும். திங்கள்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் போய் எடுத்துக்கொள்வாராம்.