தூதரகத் தகுதியில்லாத ஓர் அலுவலகம்

கோலாலம்பூரில், புக்கிட் பிந்தாங் சாலையிலுள்ள யாயாசான் துன் ரசாக் கட்டடத்தில் இயங்கும் தைவானின் தைப்பே பொருளியல் பண்பாட்டு அலுவலகம் விசா வழங்குகிறது, ஆவணங்களுக்குச் சான்றளிக்கிறது, வணிகர்களுக்கு வழிகாட்டுகிறது. ஆனால் அதற்குத் தூதரகம் என்ற தகுதி இல்லை. 1974 மே 31 அன்று அன்றைய மலேசியப் பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சோ என்லாயுடன் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, தைவானைத் தன் பகுதி என உரிமைகோரும் மக்கள் சீனத்தை அங்கீகரித்தது முதல், தைவானுடன் நமக்கு அரசதந்திர உறவு கிடையாது. (அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்திலேயே இவ்வலுவலகம் அமைந்திருப்பதை நான் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு.)

உறவு முறிந்தாலும் வாணிகம் முறியவில்லை. தைப்பேயில் மலேசிய நட்புறவு வாணிக மையம் இயங்குகிறது. 1993இல் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்பாடும், 1996இல் இரட்டை வரிவிதிப்பைத் தவிர்க்கும் உடன்பாடும், அரசுகளின் பெயரில் அல்லாமல், இவ்விரு அலுவலகங்களின் பெயரிலேயே கையெழுத்தாயின. உலக வணிக அமைப்பிலும் தைவான் 2002இல் நாடாக அன்றி, தனிச் சுங்க ஆட்புலமாகவே (தன் சுங்க வரிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் பகுதியாகவே) உறுப்பினரானது.

பினாங்கின் பாயான் லெப்பாசில் தைவானிய மின்னணு நிறுவனங்களில் நம் பிள்ளைகள் பலர் பணிபுரிவதால், இந்த ஏற்பாடு நம் வீட்டுச் செய்தியும்கூட. இதன் உறுதி பெரிதும் உபசரிக்கும் நாட்டின் நல்லெண்ணத்தையே சார்ந்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. 2021இல் லிதுவேனியா ‘தைவான்’ என்ற பெயரிலேயே அலுவலகம் திறக்க இசைந்தபோது, சீனா அந்நாட்டுடனான தூதரக உறவின் தரத்தையே குறைத்தது. மலேசியா அத்தகைய உரசலுக்கு இடந்தராமல், ஐம்பது ஆண்டுகளாக இரு தரப்போடும் வணிகம் செய்துவந்திருப்பதை நான் மனமார மதிக்கிறேன்.